ஊதா மையில் ஒரு வருகை

இரண்டே இரண்டு மணி நேரம்தான் குறைந்தது.

குளுவாங்கில் டயர் கடைக்கு மேலே இருந்த கணக்காளர் சங்கக் கிளைக்கு மாடிப்படி ஏறும்போது பிரவீனா மூன்றாவது தடவையாக விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். வருஷத்துக்கு இருபது மணி நேரம் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும். இல்லையென்றால் சங்கம் உறுப்பினர் அட்டையைப் புதுப்பிக்காது. அவளிடம் இருந்தது பதினெட்டு. டிசம்பர் வகுப்பு நடந்த சனிக்கிழமை அவள் சிகாமட்டில், ஆற்று வெள்ளம் சூழ்ந்த அத்தை வீட்டு மாடியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

வேறு வருஷமாக இருந்தால் அபராதம் கட்டிவிட்டுப் போயிருப்பாள். இந்த வருஷம் அது முடியாது. செடெனாக்கில் புதிதாகத் திறந்த தொழிற்சாலை அவளை நிதி மேலாளராக எடுத்துக்கொள்ளத் தயார். ஒரே ஒரு நிபந்தனை: வெள்ளிக்கிழமைக்குள் சங்கத்தின் நடப்பு உறுப்பினர் சான்றிதழ். பதினோரு வருஷமாக அடுத்தவர் பெயருக்குக் கீழே வேலை பார்த்தவளுக்கு முதல்முறையாகத் திறக்கிற கதவு.

இன்று வியாழன். வெளியே மத்தியான மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"என்னம்மா இப்படி நனைஞ்சுட்டு வந்திருக்கே?" கிளைச் செயலாளர் செல்வராணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"அக்கா, வெள்ளிக்கிழமைக்குள்ள சான்றிதழ் குடுத்தாதான் புது வேலை. எனக்கு ரெண்டு மணி நேரம் குறையுது. ஏதாவது வழி பண்ணுங்க, கெஞ்சிக் கேக்கறேன்."

"எங்க குறையுது? உனக்கு இருபதும் சரியா இருக்கே."

"டிசம்பர்ல நான் வரலக்கா."

"வராமயா கையெழுத்து போட்டே? என்னலா நீ, நெனப்பை எங்க வச்சிருக்கே?"

செல்வராணி வருகைப் பதிவேட்டைத் திருப்பி நீட்டினாள். அச்சடித்த பெயர் வரிசை. பிரவீனா என்ற பெயருக்கு எதிரே அவள் கையெழுத்து. அவளுடையதைப் போலவே சாய்ந்து, அவளுடையதைப் போலவே கடைசி எழுத்தில் சுழிந்து.

ஆனால் ஊதா மை. அவள் எழுதுவது எப்போதும் நீலத்தில்.

கையெழுத்தின் ஓரத்தில் ஒரு சின்ன டிக். பல்லி வால் மாதிரி நுனி வளைந்த டிக். குளுவாங் முழுக்கத் தேடினாலும் ஊதா மையில் அப்படி டிக் அடிக்கிற ஆள் ஒருவர்தான்.

மனோகரன். ஆடிட் கம்பெனியில் அவளுடைய பழைய மேலதிகாரி.

வேலையில் மனுஷன் புலி. தப்பான வரியை யாராவது வெள்ளை மை பூசி மறைத்தால் ஆபீசே அதிரக் கத்துவார். ஸ்கேல் வைத்துக் கோடு போட வேண்டும், பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். ஆனால் சங்கத்து வகுப்பென்றால் மட்டும் அவருக்கு வேப்பங்காய். "அங்க உக்காந்தா எனக்குக் கண்ணு சொக்குது பிரவீனா. எனக்கும் சேர்த்து நீயே கையெழுத்து போட்டுடு. உனக்கு ஒருநாள் முடியலன்னா நான் போட்டுடுறேன், சரியா?"

இரண்டு வருஷம் போட்டாள். அந்தக் கிளையில் அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. பஸ்ஸில் கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. அவர் பதிலுக்குப் போடும் நாள் மட்டும் வரவே இல்லை. அக்டோபரில் மாரடைப்பு. சவப்பெட்டியை மூடுமுன் கடைசியாகப் பூப் போட்டவர்களில் பிரவீனாவும் ஒருத்தி.

இந்தக் கையெழுத்து டிசம்பரில்.

"அக்கா, அன்னிக்கு மேசையில யாரு இருந்தா?"

"நான்தான். வேலைக்குச் சேர்ந்து எனக்கு அதான் மொதல் வகுப்பு, அப்ப ஒருத்தர் முகமும் தெரியாது. ஒரு பெரியவர் வந்தார். கட்டம் போட்ட சட்டை. கிட்ட வந்தாலே கோடாலித் தைல வாசம். பேனா மூடியைக் கடிச்சுக்கிட்டே, 'பிரவீனா சிகாமட்ல மாட்டிக்கிட்டா, நான் போட்டுடுறேன்'னு சொன்னார். உங்கப்பான்னு நெனச்சேன்."

தைலமும் பேனா மூடியைக் கடிப்பதும் மனோகரனுடைய வழக்கம். சிகாமட் போனதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வகுப்புக்கு முந்தின இரவே அங்கே போன் செத்துப்போயிருந்தது.

நவம்பர் பக்கத்தைப் புரட்டினாள். அவள் பெயருக்கு மேல் வரி, மனோகரன். சங்கம் இன்னும் நீக்காத பெயர். எதிரே கையெழுத்து; நீல மையில், அவளே போட்டது. அவரைத் தகனம் செய்து ஒரு மாதம் கழித்து, பக்கத்தில் யாரோடோ பேசிக்கொண்டே, பழக்கத்தில் கை போட்டுவிட்டிருந்தது.

சங்கத்துப் புத்தகப்படி மனோகரன் நவம்பரில் வந்திருக்கிறார். நவம்பரில் வந்தவர் டிசம்பரிலும் வந்துவிட்டார்.

"போகும்போது இன்னொண்ணும் சொன்னார்மா," செல்வராணி டிசம்பர் பக்கத்துக்கே திருப்பி வைத்துவிட்டு, அச்சான சான்றிதழை எடுத்தாள். "'இனிமே அவ அலைய வேணாம். மாசா மாசம் நானே போட்டுடுறேன். அவ இல்லேங்கறதே யாருக்கும் தெரியாது'ன்னார். தங்கமான மனுஷன்லா. சாப் அடிச்சிடவா?"

ரப்பர் முத்திரை மைப்பெட்டியில் ஒருமுறை அழுந்தி எழுந்தது.

அவ இல்லேங்கறதே யாருக்கும் தெரியாது. உயிரோடு இல்லாமலே வந்ததாக இருப்பவர் அந்தப் புத்தகத்தில் இதுவரை ஒருவர்தான். இந்தச் சான்றிதழை வாங்கினால் இரண்டாவது ஆள் அவள். ஜன்னல் மூடியிருந்த அறைக்குள் எங்கிருந்தோ கோடாலித் தைலம் மெல்லக் கமழ்ந்தது.

"வேணாங்க்கா! அடிக்காதீங்க. ஸ்கேல் குடுங்க."

டிசம்பர் வரியின் மேல் நீலக் கோடு இழுத்தாள். 'நான் வரவில்லை' என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தாள்.

"அலமாக்! என்னம்மா பண்ணிட்டே? நாளைக்கு வெள்ளிக்கிழமை!"

"தெரியும்க்கா. நவம்பர்ல இன்னொரு தப்பு இருக்கு. அது நான் பண்ணது. அதையும் அடிச்சுட்டுக் கடிதம் எழுதித் தர்றேன்."

"ஒழுங்குக் குழுவுக்குப் போயிடும். ஆறு மாசம் உன் உறுப்பினர் பதவியை நிறுத்தி வைப்பாங்க."

"வைக்கட்டும்."

பக்கத்தைத் திருப்பி ஸ்கேலை வைக்கப் போனவள் கை அந்தரத்தில் நின்றது.

மனோகரன் வரி ஏற்கனவே அடிக்கப்பட்டிருந்தது. ஸ்கேல் வைத்த கோடு. பக்கத்தில் சுருக்கொப்பம். வால் வளைந்த டிக். தொட்டுப் பார்த்தாள். ஈரம். கட்டைவிரல் ஊதாவாகியது.

"அக்கா... இதை நீங்க..."

"என்கிட்ட ஊதாப் பேனாவே கிடையாதும்மா." செல்வராணி பதிவேட்டை எட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

தைல வாசம் போய்விட்டது. கீழே கடையிலிருந்து டயர் வாடை மட்டும்.

பிரவீனா செடெனாக் தொழிற்சாலையின் போன் நம்பரை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரலைக் கைக்குட்டையில் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

"சொல்லுங்க பிரவீனா, சான்றிதழ் ரெடியா?"

"இல்ல சார். ரெண்டு மணி நேரம் குறையுது," என்றாள். "அன்னிக்கு நான் வரல."