வேறு காரணம் இல்லை

அமெரிக்காவில் ஒருவனைச் சிறைக்கு அனுப்புவதற்கு வழக்கு நடக்கவே தேவையில்லை என்பதை விக்ரோரியா தன் ஐம்பத்தெட்டாவது வயதில் தெரிந்துகொண்டாள். அதுவும் டென்மார்க்கின் வைலே நகரில், மகள் கிளோறியாவின் குசினி மேசையில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்கும்போது. கணினித் திரையில் இருந்த சட்டத்தரணி மிஸ் ஒற்றேகா டெக்சாஸிலிருந்து பேசினார். அவர் பேசி முடிக்க, கிளோறியா தமிழில் சொன்னாள்.

"அம்மா, அரச தரப்பு ஒண்டு சொல்லுது. அண்ணா குற்றத்தை ஒத்துக்கொண்டால் ஆறு வருசம். ஒத்துக்கொள்ளாமல் வழக்குக்குப் போய்த் தோத்தால் இருபது வருசம் வரைக்கும் போகலாம். வியாழக்கிழமைக்குள்ள பதில் சொல்லோணும். பிறகு இந்த ஆறும் இல்லையாம்."

"செய்தனான் எண்டால் ஆறு, செய்யேல்லை எண்டால் இருபதே? இதென்ன மீன் சந்தையே?"

கிளோறியா அதை மொழிபெயர்க்கவில்லை. ஆனால் மிஸ் ஒற்றேகாவுக்கு விக்ரோரியாவின் முகத்தைப் பார்த்தே விளங்கியிருக்க வேண்டும். நூறு வழக்கு வந்தால் தொண்ணூற்றைந்து இப்படித்தான் முடிகிறது, எல்லாவற்றையும் விசாரிக்கப் போனால் அமெரிக்காவில் நீதிமன்றங்கள் போதாது என்று அவர் அமைதியாகச் சொன்னார். மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார். டென்மார்க்கில் இப்படிப் பேரம் கிடையாது. ஒத்துக்கொண்டால் தண்டனை கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். பேசி முடித்த தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே எவனும் நீதிபதி முன்னால் போய் நிற்பதில்லை.

விக்ரோரியாவின் மகன் சுஜிந்தன் காற்றாலைகளில் ஏறித் திருத்துகிறவன். இரண்டு வருட வேலைக்கென்று கம்பனி அவனை டெக்சாஸுக்கு அனுப்பியது. போன மார்ச் மாதம் ஒரு மாலையில், வேலை முடிந்து வரும் வழியில், ஒரு சந்தியில் அவனுடைய வாகனம் மோட்டார் சைக்கிளில் வந்த இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவனை அடித்தது. பையன் அந்த இடத்திலேயே முடிந்துபோனான். சுஜிந்தன் குடித்திருக்கவில்லை. தனக்குப் பச்சை விளக்கு எரிந்தது என்று அன்றைக்கும் சொன்னான், இன்றைக்கும் சொல்கிறான். எதிரே பெற்றோல் செட்டில் நின்ற ஒரு பெண், இல்லை, சிவப்பு என்கிறாள். அந்தச் சந்தியில் கமரா இல்லை. பச்சையா சிவப்பா என்பது சுஜிந்தனுக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த விஷயமாகப் போய்விட்டது. கடவுள் சாட்சி சொல்ல வருகிற வழக்கமில்லை.

கண்மூடித்தனமாக ஓட்டி ஆளைக் கொன்றான் என்று குற்றம் பதிந்தார்கள். முதலில் பிணை கிடைத்தது. அதோடு விட்டிருந்தால் வழக்கை வெளியே இருந்தபடியே பேசியிருக்கலாம், வெல்லவும் சாத்தியமிருந்தது என்று மிஸ் ஒற்றேகா ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டார். அதோடு விட்டிருக்கவில்லை விக்ரோரியா. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். விக்ரோரியா பாவம், மண்ணைப் பிள்ளையின் தலையிலல்லவா போட்டாள்.

நடந்தது இதுதான். பிணை கொடுத்தபோது நீதிபதி நிபந்தனைகள் போட்டார். இறந்தவனுடைய குடும்பத்தோடு நேராகவோ வேறு ஆட்கள் மூலமாகவோ எந்தத் தொடர்பும் கூடாது என்பது அதில் ஒன்று. கிளோறியா அதைத் தாய்க்கு வாசித்தும் காட்டினாள். வெருட்டப் போகக்கூடாது, சண்டைக்குப் போகக்கூடாது என்றுதான் விக்ரோரியா அதை விளங்கிக்கொண்டாள். செத்த வீட்டுக்குப் போவதை ஒரு நீதிமன்றம் தடுக்கும் என்று மன்னாரில் பிறந்த எவளுக்குத்தான் தோன்றும்? நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகவேணும். அதிலும் எங்கள் பிள்ளையின் வாகனத்தில் அடிபட்டுச் செத்த பிள்ளை. சிவப்போ பச்சையோ, அங்கேயும் ஒரு தாய் இருக்கிறாள். பேசாமல் இருந்தால் நாம் என்ன மனிசரா?

பையன் இறந்த முப்பத்தோராம் நாள் நினைவு வந்தது. விக்ரோரியாவின் தமையன் மகன் ஸ்ரான்லி அதே டெக்சாஸில் மூன்று மணி நேர ஓட்டத்தில் இருந்தான். அவனைக் கூப்பிட்டு, ஒரு மலர்வளையமும் ஒரு கடிதமும் கொண்டுபோய் அந்த வீட்டு வாசலில் வைக்கச் சொன்னாள். அவள் தமிழில் சொல்ல, அவன் ஆங்கிலத்தில் எழுதினான். எங்கள் பிள்ளை செய்ததை மன்னித்துவிடுங்கள், உங்கள் மகனுக்காக வைலேயில் பூசை ஒப்புக்கொடுத்திருக்கிறோம் என்று எழுதினார்கள். கீழே பெயர்கள். எங்கள் சனத்தின் மலர்வளையத்தில் ஒரு பெயர் விடுபட்டால் பத்து வருடத்துக்குக் கதை இருக்கும். கூடி நிற்பவன், கனடாவில் இருப்பவன், கோபித்துக்கொண்டு போனவன் எல்லாரும் அதில் இருப்பார்கள். அப்படியே விக்ரோரியாவும் சொன்னாள். சுஜிந்தன், அம்மா விக்ரோரியா, தங்கை கிளோறியா. மகன்தான் மூத்தவன், ஆகவே அவன் பெயர் முதலில்.

சுஜிந்தனுக்கு இது எதுவும் தெரியாது. மூன்றாம் நாள் அவனைக் கையில் விலங்கோடு கொண்டுபோனபோதுதான் தெரியவந்தது. பிணை பறிபோனது. புதிதாக ஒரு தொகை சொன்னார்கள், அது ஏழேழு பிறப்புக்கும் எட்டாத தொகை. அந்தக் கடிதம் இப்போது அரச தரப்புச் சட்டத்தரணியின் கோப்பில் இருக்கிறது. அவனுடைய பெயரோடு, அவன் செய்ததை மன்னிக்கச் சொல்லி.

"நான் போய்ச் சொல்லுறன் பிள்ளை. அது நான் எழுதினது, அவனுக்குத் தெரியாது எண்டு நான் அங்க போய்ச் சொல்லுறன். அவவிட்டைக் கேள்."

கிளோறியா கேட்டாள். மிஸ் ஒற்றேகா சொன்னதைக் கிளோறியா மேசையைப் பார்த்தபடி சொன்னாள்.

"நீங்கள் வரலாமாம். ஆனால் பன்னிரண்டு ஜூரிமாருக்கு முன்னால மற்றப் பக்கம் ஒரு கேள்விதான் கேக்குமாம். 'நீங்கள் உங்கட மகனை நேசிக்கிறீங்களா?' நீங்கள் ஓம் எண்டுவீங்கள். அதோட முடிஞ்சுதாம்."

அன்றிரவு விக்ரோரியா தூங்கவில்லை என்று எழுதத் தேவையில்லை. ஆனால் அவள் அழவும் இல்லை. விரல் விட்டு எண்ணிக்கொண்டு கிடந்தாள். ஆறு என்றால் தனக்கு அறுபத்து நான்கு. பாதி முடிந்ததும் விட்டு டென்மார்க்குக்கு ஏற்றிவிடவும் கூடும் என்று சட்டத்தரணி சொன்னார், அப்படியென்றால் அறுபத்தொன்று. இருபது என்றால் எழுபத்தெட்டு. அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் எழுபத்தெட்டு வயதுக்காரர்களை அவளே குளிக்க வார்த்து, சட்டை மாட்டிவிடுகிறாள். அவர்களில் பாதிப் பேருக்குப் பெற்ற பிள்ளைகளின் பெயர் தெரியாது.

புதன்கிழமை சிறையிலிருந்து சுஜிந்தன் தொலைபேசியில் எடுத்தான். பதினைந்து நிமிடம்தான். தொடங்கும்போதே ஒரு பெண் குரல், இந்த அழைப்புப் பதிவாகிறது என்று ஆங்கிலத்தில் சொல்லும். வழக்கைப் பற்றித் தொலைபேசியில் மூச்சும் விடக்கூடாது, தமிழில் பேசினாலும் மொழிபெயர்க்க ஆள் பிடிப்பார்கள் என்று மிஸ் ஒற்றேகா எச்சரித்திருந்தார். அதனால் இத்தனை மாதமும் சாப்பிட்டியா, குளிர்கிறதா என்பதோடு நிறுத்தியிருந்தார்கள். அன்றைக்கு விக்ரோரியாவால் முடியவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன?

"ராசா, லோயர் அம்மா சொன்னதுக்கு ஓம் எண்டு சொல்லு."

அவன் டேனிஷில் பதில் சொன்னான். டென்மார்க்கில் பிறந்து வளர்ந்தவன், மனம் கலங்கினால் அவனுக்கு டேனிஷ்தான் வரும். எனக்குப் பச்சைதான் எரிந்தது அம்மா என்றான்.

"எனக்குத் தெரியும். நான் நம்புறன். ஆனால் ஓம் எண்டு சொல்லு."

"நான் செய்யேல்லை." இப்போது தமிழுக்கு வந்துவிட்டான். "அந்தப் பெடியன்ர தாய் ஒவ்வொரு முறையும் கோட்டுக்கு வாறா. முன் வரிசையில இருக்கிறா. அவவுக்கு முன்னால நிண்டு நான் உங்கட மகனைக் கொலை செய்தனான் எண்டு பொய் சொல்லோணுமே? அவ சாகும் வரைக்கும் அதை நம்புவா, அம்மா."

அவன் சொன்னது நியாயம். பொய் சொல்லாதே என்று அவனுக்கு அடித்துச் சொல்லிக் கொடுத்தவளே விக்ரோரியாதான். பதில் இல்லாதபோது தாய்மார் எடுக்கும் கடைசி ஆயுதம் ஒன்று இருக்கிறது. அதை அவள் எடுத்தாள்.

"இருபது வருசத்துக்கு நான் உயிரோட இருக்க மாட்டன். நீ வழக்குக்குப் போனால் என்ர சவத்துக்கும் நீ வரமாட்டாய். அந்தக் கடிதத்தால உன்னை உள்ள தள்ளினது நான். அதை வைச்சுக்கொண்டு நான் என்னெண்டு சீவிக்கிறது? நீ எனக்காகச் சொல்லு. உன்னைப் பெத்ததுக்காகச் சொல்லு."

அவன் பின்னால் யாரோ கதவை அடிக்கிறது கேட்டது. இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது என்று அந்தப் பதிவுக் குரல் சொன்னது.

"சரி அம்மா," என்றான். அவளுக்கு வெற்றி. அப்படியொரு வெற்றி எந்தத் தாய்க்கும் வரவேண்டாம்.

வியாழக்கிழமை டெக்சாஸில் காலை ஒன்பது மணி, வைலேயில் பின்னேரம் நாலு மணி. விக்ரோரியாவுக்கு மாலை வேலை. விடுப்புக் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும், அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கூட வேலை செய்யும் பிர்கிற்றவிடம் அரை மணி நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, படுக்கை விரிப்புகள் அடுக்கியிருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அந்த நீதிமன்றம் விசாரணைகளை இணையத்தில் நேரடியாகக் காட்டியது. கிளோறியா தன் வேலையிடத்திலிருந்து அதே படத்தைப் பார்த்தபடி, தொலைபேசியில் தாயின் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சுஜிந்தன் கோடுபோட்ட சட்டையோடு நின்றான். மெலிந்திருந்தான். பின்னால் முன் வரிசையில் ஒரு பெண்ணின் சாம்பல் நிறத் தலை தெரிந்தது. அதுதான் அந்தத் தாயாக இருக்க வேண்டும். நீதிபதி, மூக்குக்கண்ணாடி போட்ட வயதானவர், ஒரு தாளைப் பார்த்து வாசித்தார்.

"பேர் கேக்கிறார். ஆங்கிலம் விளங்குதா எண்டு கேக்கிறார். மருந்து ஏதும் எடுத்திருக்கிறாரா எண்டு கேக்கிறார். இல்லையாம்." கிளோறியாவின் குரல் அலுவலகப் படிவம் நிரப்புகிறவளின் குரலாக இருந்தது. "ஜூரிமாருக்கு முன்னால வழக்கு நடத்திற உரிமை இருக்கு, அதை விட்டுக்கொடுக்கிறீங்களா எண்டு கேக்கிறார். ஓமாம். ஆராவது உங்களைக் கட்டாயப்படுத்தினதா எண்டு கேக்கிறார்."

இல்லை என்றான் சுஜிந்தன். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு விக்ரோரியாவுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அவள் விரிப்பு அடுக்கைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

நீதிபதி தாளை விட்டு முகத்தை நிமிர்த்தினார்.

"நீங்கள் குற்றவாளி எண்டு சொல்லுறது, நீங்கள் உண்மையிலேயே குற்றவாளி எண்டபடியால்தானா, வேற ஒரு காரணமும் இல்லையா எண்டு கேக்கிறார்."

மிஸ் ஒற்றேகா சுஜிந்தன் பக்கம் திரும்பினார். முன் வரிசையில் அந்தச் சாம்பல் நிறத் தலை அசைந்தது. அவன் அந்தப் பக்கம் பார்த்தான், பிறகு கீழே பார்த்தான். நீதிபதி கோபப்படாமல் எதையோ சொன்னார்.

"அவசரமில்லையாம் அம்மா. அண்ணா குற்றவாளி இல்லையெண்டால் தன்னால இதை ஏற்க ஏலாதாம். இப்பவே நிப்பாட்டி வழக்குக்குத் திகதி குடுப்பாராம்." கிளோறியாவின் குரல் உடைந்தது. "அம்மா, அண்ணா சொல்ல மாட்டார் போல இருக்கு."

வேறு காரணம் அந்த விரிப்பு அறைக்குள் வெள்ளைச் சீருடையோடு நின்றது. வெளியே ஒரு முதியவர் மணியை அடித்துக்கொண்டே இருந்தார். விக்ரோரியா முழங்காலில் விழுந்தாள். வாழ்நாள் முழுக்க அவள் பிள்ளைகளுக்காக என்னென்னவோ கேட்டு மன்றாடியிருக்கிறாள். படிப்புக் கேட்டாள், சுகம் கேட்டாள், நல்ல புத்தி கேட்டாள். இப்படி ஒன்றை அவள் கேட்டதில்லை. ஆண்டவரே, அவன் வாயில் அந்தப் பொய்யைப் போடும். சொல்லு ராசா. சொல்லு.

திரையில் சுஜிந்தன் நிமிர்ந்தான். நீதிபதியைப் பார்க்காமல், பின்னால் இருந்த அந்தத் தாயைப் பார்த்துச் சொன்னான்.

"ஓம் எண்டுட்டார், அம்மா," என்றாள் கிளோறியா.

விக்ரோரியா நெற்றியில் சிலுவை போட்டாள். என் பிள்ளையைத் தந்தீரே, நன்றி ஆண்டவரே, நன்றி என்று சத்தமாகவே சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மகன் தன்னைக் கொலைகாரன் என்று சொன்னதற்குத்தான் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது அவளுக்கு விளங்கியது. ஆனாலும் அவளால் நிறுத்த முடியவில்லை.