தொட்டியில் ஒட்டிய பல்லி

அந்தப் பட்டறையில் தொட்டி சோதனை என்பது மானப் பிரச்சினை. எஃகுத் தொட்டியில் தண்ணீரை நிரப்பி, நாளைக்கு அது தாங்க வேண்டிய அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்ப்பார்கள். ஏற்றும்போது, அதைப் பற்றவைத்த வெல்டர் தொட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு டீ குடிக்க வேண்டும். எந்தப் புண்ணியவான் ஆரம்பித்துவைத்த வழக்கமோ! நகர்ந்து உட்கார்ந்தவனை, "சொந்த வேலையிலேயே நம்பிக்கை இல்லாதவன்" என்று ஒரு மாதத்துக்கு வறுத்தெடுப்பார்கள். அந்த வெல்டர்களில் ஒருவன் முக்காலி போட்டு உட்கார்ந்தால் தொட்டியோடு ஒட்டியே போய்விடுவான். அவனுக்குப் பல்லி என்று பட்டப்பெயர்.

இரண்டு மாதத்துக்கு முன்பு சோதனைப் பொறுப்புக்கு ஒருத்தி வந்தாள். வேறு யாருமில்லை, பல்லியின் மனைவி. அதற்குமுன் பெரிய தொழிற்சாலை ஒன்றில் இதே வேலை பார்த்தவள். வந்த அன்றைக்கே தொட்டியைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டினாள். பம்பைத் தூக்கிச் செங்கல் சுவருக்குப் பின்னால் வைத்தாள்.

"அழுத்தம் ஏறினப்புறம் கயித்துக்குள்ள ஒரு ஈ கூட இருக்கக் கூடாது" என்றாள்.

மற்ற வெல்டர்கள் முணுமுணுத்துக்கொண்டே விலகினார்கள். உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது என்பதை எவனும் வெளியே சொல்லவில்லை. பல்லி மட்டும் அசையவில்லை. வீட்டில் அவள் கிழித்த கோட்டைத் தாண்டாத மனுஷன், பட்டறையில் அவள் கட்டிய கயிற்றைத் தாண்டுவதை ஒரு லட்சியமாகவே வைத்துக்கொண்டான். முதல் சோதனையன்று நல்லவேளையாக அவனுக்குப் பல்வலி, லீவு. இரண்டாவது சோதனையின்போது மாமியாரைப் போன் பண்ணச் சொல்லி அவனை வாசலுக்கு இழுத்தாள். மகனோடு பேச ஆரம்பித்தால் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் பேசுகிற மாமியார் அவர். மருமகளுக்கு அது வாழ்க்கையில் முதல்முறையாக உபயோகப்பட்டது.

இன்றைக்குப் பல்வலியும் இல்லை, மாமியாரும் போனை எடுக்கவில்லை. தொட்டியை ஏற்றிப் போக லாரி வாசலில் நிற்கிறது. பல்லி டீ டம்ளரோடு கயிற்றுக்குள் நுழைந்தான். தொட்டியின் அடிப்பக்கத்தில் கை மொத்தத்துக்கு நீட்டிக்கொண்டிருந்த குழாய்க்கு நேர் எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான். குழாயின் வாயைக் கனமான இரும்புத் தட்டு வைத்து மூடியிருந்தார்கள்.

"ஏங்க, எந்திரிங்க."

"என் வெல்டிங் மேல உனக்கு நம்பிக்கை இல்ல. அதானே?"

"நம்பிக்கை இருந்தா எதுக்குங்க சோதனை? மாலை போட்டு அனுப்பிட வேண்டியதுதானே?"

"பாத்தீங்களாப்பா, கட்டுன பொண்டாட்டியே நம்பல!" என்று பல்லி சபையைப் பார்த்து முறையிட்டான். சபையில் நாலு வெல்டர்கள் இருந்தார்கள். நாலு பேரும் கயிற்றுக்கு வெளியே, பத்திரமாக, வேடிக்கை பார்த்தார்கள்.

முதலாளி ஓடிவந்தார். "லாரிக்காரன் கத்துறாம்மா. அவன் உக்காந்தா உக்காந்துட்டுப் போறான், நீ பம்பை அடி."

அவளுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். பழைய தொழிற்சாலையில் சோதனையின்போது பிய்த்துக்கொண்டு பறந்த ஒரு மூடி சுவரில் போட்ட பள்ளத்தை அவள் பார்த்திருக்கிறாள். கெஞ்சியாயிற்று, மிரட்டியாயிற்று, இரண்டு நாள் பேசாமலும் இருந்தாயிற்று. எருமை மாட்டின் மேல் மழை பெய்தது போலத்தான். அவள் குனிந்து தொட்டியைச் சுற்றி எதையோ சரிபார்த்தாள். பிறகு ஒரு காலி பெயிண்ட் டின்னை இழுத்துக் கணவன் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"முதலாளி, நீங்களே பம்பை அடிங்க."

"நீ எதுக்கு இங்க?" என்றான் பல்லி.

"உங்க வெல்டிங் மேல நம்பிக்கை. டீல எனக்கும் பாதி குடுங்க."

புருஷன் பெண்டாட்டி சண்டையில் தலையிட முதலாளிக்கு நேரமில்லை. சுவருக்குப் பின்னால் போய் பம்பின் கைப்பிடியைப் பிடித்தார். பம்பிலிருந்து வரும் குழாயைத் தொட்டியிலிருந்து கழற்றி அவள் முக்காலிக்கு அடியில் விட்டிருந்தது அவருக்கும் தெரியாது, பல்லிக்கும் தெரியாது. தொட்டிக்குள் அழுத்தம் என்று ஒன்று இன்னும் ஏறவேயில்லை.

முதலாளி ஓர் அடி அடித்தார். பல்லி அவளை ஓரக்கண்ணால் பார்த்தான். இரண்டாவது அடியில் டம்ளரைக் கீழே வைத்தான்.

"போதும், நீ எந்திரிச்சுப் போ."

"நீங்க போங்க, நானும் வரேன்."

மூன்றாவது அடியில் சில்லென்று தண்ணீர் அவன் காலை நனைத்தது. அவ்வளவுதான். "ஐயோ, வெல்டிங் விட்டுப் போச்சு! நிறுத்துங்க!" என்று அலறிக்கொண்டு எழுந்தான். மனைவியின் கையைப் பிடித்து இழுத்தபடி கயிறு, பெயிண்ட் டின், டீ டம்ளர் எல்லாவற்றையும் மிதித்துத் தாண்டி, வாசலில் நின்ற லாரி வரைக்கும் ஓடிவிட்டான்.

முக்காலிக்கு அடியில் கிடந்த குழாயைக் கண்டுபிடித்ததும் பட்டறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. லாரிக்காரர் என்ன விஷயம் என்றே தெரியாமல் சேர்ந்து சிரித்தார். பல்லி முகம் செத்துப்போய்ச் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அவள் சிரிக்கவில்லை. ஆள் சுவருக்கு இந்தப் பக்கம் வந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

பம்புக் குழாயைத் தொட்டியில் ஒழுங்காக மாட்டிவிட்டு வந்து, கண்ணை மீட்டரில் வைத்துக்கொண்டு அவளே பம்பை அடித்தாள். ஏற்ற வேண்டியது இருபத்து நாலு கிலோ அழுத்தம். பத்தில் நிறுத்திப் பார்த்தாள், ஒன்றுமில்லை. பதினாறு, ஒன்றுமில்லை. பத்தொன்பதைத் தொட்டபோது சுவருக்கு அப்பால் இடி விழுந்தது போல ஒரு சத்தம். மீட்டர் முள் படுத்துவிட்டது.

எட்டிப் பார்த்தார்கள். தொட்டியின் அடிப்பக்கத்துக் குழாய் பற்றவைத்த இடத்தில் பிய்ந்து, தட்டோடு சேர்ந்து எதிர்ச்சுவரில் புதைந்து கிடந்தது. போகிற வழியில் முக்காலியைச் சிராய் சிராயாக்கிவிட்டுப் போயிருந்தது. இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

பல்லி குனிந்து பிய்ந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தான்.

"இந்தக் குழாயைப் பத்தவெச்ச அன்னைக்கு வெல்டிங் ராடு ஈரமா இருந்துச்சு. காயவெச்சு எடுக்கணும், இல்லேன்னா ஒட்டு பலமா நிக்காது. சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சேன்னு அப்படியே அடிச்சிட்டேன். கால்ல தண்ணி பட்டதும் எந்த இடம்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சுமா அங்க போய் உக்காந்தீங்க?"

"நான் மட்டும் உக்காந்திருந்தப்ப அது ஞாபகத்துக்கே வரல. நீ பக்கத்துல வந்து உக்காந்தப்புறம்தான் வந்துச்சு."

முதலாளி, நாலு வெல்டர்கள், லாரிக்காரர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அடித்த கையாலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சோதனைப் படிவத்தை எடுத்து, 'தேறவில்லை' என்று எழுதினாள். விசும்பலில் எழுத்து கோணிக்கொண்டு போனது. படிவத்தை வைத்து எழுதிய அட்டையைப் பல்லி இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டான்.

"காரணத்தையும் எழுது" என்றான். "என் பேரைப் போட்டே எழுது."

அவள் எழுதினாள்.