சிலாச்சாப்பில் குடித்த தேத்தண்ணி

ஒரு மாதத்துக்குள் என் தோள் என்ன வளர்ந்தா போய்விட்டது?

துஷாந்தி இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. இரண்டு கைகளையும் விரித்தபடி, பாதி தைத்த சாறிச் சட்டைக்குள் சிலைபோல நின்றாள். பயணம் போவதற்கு முன்புதான் கோசலை அக்கா எல்லா அளவும் எடுத்திருந்தாள். நேற்றுத் தொலைபேசியில் கூப்பிட்டு, "கை இறுக்கமா வரும்போலை கிடக்கு, ஒருக்கா வந்து போட்டுப் பார் பிள்ளை" என்றாள். கை இறுக்கமாக இல்லை. ஒரு விரலை உள்ளே விட்டு ஆட்டலாம். ஆனாலும் கோசலை குண்டூசிகளைக் குத்துவதும் கழற்றுவதுமாக இருந்தாள். கழற்றியதைத் திரும்பவும் அதே இடத்தில் குத்தினாள்.

பாரிசில், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் இருக்கும் சாறிக்கடையின் பின்னறை அது. ஒரு தையல் மெஷின், ஒரு நிலைக்கண்ணாடி, துணிச் சுருள்கள். கடைக்கும் அறைக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான். திரைக்கு அந்தப் பக்கம் கடைக்காரர் இராஜதுரை நடமாடுவது கால் நிழலில் தெரிந்தது. வாடிக்கையாளர் யாரும் இல்லை. அவர் திரைக்குப் பக்கத்தில் இருந்த அலமாரியையே அடுக்கிக்கொண்டிருந்தார்.

இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று துஷாந்தி முடிவுசெய்தாள்.

"அப்ப, உண்மையாத் தனியத்தான் போனனியோ?" கோசலை வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு கேட்டாள்.

"ஓம் அக்கா."

"அவ்வளவு தூரம்?"

"வக்கான்ஸ் லீவுதானே அக்கா. மூண்டு கிழமை."

"நீ முகநூலிலை போட்ட அந்தப் படத்திலை உன்ரை நிழல் விழுந்திருக்கு. அதுக்குப் பக்கத்திலை இன்னொரு நிழலும் கிடக்கு."

"அது கம்பம் அக்கா. லைட் கம்பம்."

கோசலை சிரித்தாள். "கம்பமெண்டாலும் நல்ல உயரமான கம்பம்தான்."

துஷாந்தியும் சிரித்து வைத்தாள். இந்தக் கேள்வி அவளுக்குப் பழகிப்போனது. காப்புறுதி அலுவலகத்தில் வேலை, முப்பத்துமூன்று வயது, கலியாணம் கட்டவில்லை, பாரிசுக்கு வெளியே திரான்சியில் அம்மாவோடு இருக்கிறாள். இப்படிப்பட்டவள் இந்தோனேசியாவுக்குத் தனியாகப் போய்வந்தாள் என்றால், தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் மரக்கறி வாங்கப் போகும் இடத்திலும் "ஆரோடை?" என்றுதான் கேட்பார்கள். தனியாக என்று சொன்னால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் யாரோ ஒளிந்திருப்பதுபோல எட்டிப் பார்ப்பார்கள்.

ஆனால் இந்தப் பின்னறைக் கேள்வி வேறு. கோசலைக்கு வேண்டியது நிழலோடு யார் நின்றார்கள் என்பதல்ல. அந்தப் படத்தை எடுத்த ஊர்.

ஜாவாத் தீவின் தெற்குக் கரையில் சிலாச்சாப் என்று ஒரு துறைமுக ஊர். துஷாந்தி அங்கே போகத் திட்டமிடவே இல்லை. யோக்யகர்த்தாவிலிருந்து பங்கண்டாரன் கடற்கரைக்குப் போகும் வழியில் பஸ் பிந்திவிட்டது. அடுத்த பஸ் மறுநாள் காலையில்தான் என்றார்கள். ஒரு பின்னேரமும் ஒரு இரவும் அங்கே தங்கினாள். வரிசையாகக் கட்டியிருந்த மீன்பிடிப் படகுகளைப் படம் எடுத்து, ஊர்ப் பெயரோடு முகநூலில் போட்டாள். வேறு எந்தப் படத்துக்கும் இல்லாத அமைதி அந்தப் படத்துக்குக் கீழே விழுந்தது. பிறகுதான் அம்மா தொலைபேசியில் கத்தினாள்: "அறிவிருக்கோடி உனக்கு? ஐங்கரன் கடைசியாக் கதைச்ச இடமெல்லே அது!"

இராஜதுரையின் தம்பி ஐங்கரன். கோசலையின் கணவன். கலியாணம் முடித்த அடுத்த வருடமே கோசலையை முதலில் பாரிசுக்கு, தமையன் வீட்டுக்கு, அனுப்பிவிட்டான். தான் பிறகு வருவதாகச் சொன்னான். அதற்குள் யுத்தம் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு போனது. யுத்தம் முடிந்தபின் எப்படியோ மலேசியாவுக்கும் அங்கிருந்து ஜாவாவுக்கும் போனவன், ஒருநாள் சிலாச்சாப்பிலிருந்து தொலைபேசி எடுத்து, நாளைக்கு அவுஸ்திரேலியாவுக்குப் படகு ஏறுகிறோம் என்று சொன்னான். அதற்குப் பிறகு சத்தம் இல்லை. அந்தப் படகு போய்ச் சேரவும் இல்லை, திரும்பவும் இல்லை. இப்போது வருடம் இரண்டாயிரத்துப் பதினைந்து.

இராஜதுரை தன் கடைக்குத் தம்பியின் பெயரையே வைத்திருந்தார். ஐங்கரன் சில்க்ஸ். தெரியாதவர்கள் பிள்ளையார் பெயர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

"ஊர் எப்பிடி?" கோசலை துஷாந்தியின் முதுகுப் பக்கம் போய் நின்று கேட்டாள். கண்ணாடியில் அவள் முகம் தெரியவில்லை. "எங்கடை ஆக்கள் ஆரும் இருக்கினமோ அங்கை?"

"நான் காணேல்லை அக்கா."

"ஒருத்தரையும்?"

"ஒரு ராத்திரிதானே நிண்டனான்."

முதுகில் ஊசி நின்றது. துஷாந்தி கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்தாள். அது பொய் சொல்லும் முகமாகத் தெரிகிறதா என்று தேடினாள். ஏனென்றால் அவள் ஒருவனைக் கண்டிருந்தாள். கண்டாளா என்பதுதான் அவளுக்கே நிச்சயம் இல்லை.

துறைமுக மதிலோரம் நீலப் படங்கைக் கூரையாகக் கட்டிய தேநீர்க் கடை. அங்கே வாங்குப் பலகையில் இருந்துகொண்டு தொலைபேசியில் அம்மாவோடு கதைத்தாள். ஓம் அம்மா, தனியத்தான், பயமில்லை, சாப்பிட்டிட்டன். தேநீர் வார்த்துக்கொண்டிருந்தவன் ஒருமுறை திரும்பினான். மெலிந்த, கறுத்த மனிதன், நாற்பதுக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த ஊரில் எத்தனையோ பேர் அந்த நிறந்தான். அவள் தொலைபேசியை வைத்ததும் ஒரு கண்ணாடிக் குவளையைக் கொண்டுவந்து வைத்தான். வெறும் தேநீர், சீனி இல்லை. பிறகு ஒரு மண்ணிறக் கட்டியை, தென்னஞ் சர்க்கரைக் கட்டியை, தட்டில் வைக்காமல் அவளுடைய உள்ளங்கையில் வைத்தான். கடித்துக்கொண்டு குடிக்கும்படி.

இந்தோனேசியாவில் வேறு எங்கும் அவளுக்கு யாரும் தேநீரை அப்படித் தரவில்லை. குவளையில் சீனியைக் கொட்டிக் கலக்கித்தான் தந்தார்கள்.

"நீங்கள் தமிழோ?" என்று கேட்டாள்.

அவன் சிரித்துத் தலையை ஆட்டி அந்த ஊர்ப் பாஷையில் ஏதோ சொன்னான். விளங்கவில்லை என்பதுபோல. பின்னால் ஒரு பெண் வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்தாள். வாங்கின் மறுமுனையில் பாலர் பள்ளிச் சட்டையோடு இருந்த ஒரு சின்னப் பெண் அவனை அப்பா என்பதற்கான அவர்களுடைய சொல்லால் கூப்பிட்டாள். துஷாந்தி எழுந்து போகும்போது திரும்பிப் பார்த்தாள். அவன் அவள் குடித்த குவளையைக் கழுவினான். கழுவியதைத் திரும்பவும் தண்ணீரில் போட்டுக் கழுவினான்.

அன்றிரவு தங்குமிடத்துக்காரி, அந்தப் பக்கத்துக் கிழவர்களும் சர்க்கரையைக் கடித்துக்கொண்டுதான் தேநீர் குடிப்பார்கள் என்று கையால் காட்டி விளக்கினாள். அப்படியென்றால் ஒன்றுமில்லை. துஷாந்தி நிம்மதியாக உறங்கினாள். சிலாச்சாப் என்ற பெயருக்கு இந்தக் குடும்பத்தில் என்ன அர்த்தம் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

திரைச்சீலை விலகியது. இராஜதுரை தலையை மட்டும் உள்ளே நீட்டி, சட்டெனத் தரையைப் பார்த்துக்கொண்டார்.

"என்ன, முடிஞ்சுதோ? பிள்ளை எவ்வளவு நேரம் நிக்கிறது?"

"இன்னும் கொஞ்சம் கிடக்கு அத்தான்" என்றாள் கோசலை.

"அப்ப நான் மூலைக் கடையிலை தேத்தண்ணி வாங்கியாறன். பிள்ளை, போயிடாதை. உன்னோடை ஒரு கதை இருக்கு." அவர் குரல் குழைந்தது. "நீ அங்கை போய்வந்த ஆள். நாங்கள் ஒருத்தரும் போகேல்லை."

கடைக் கதவின் மணி அடித்து ஓய்ந்தது. கோசலை உடனே கைவேலையை நிறுத்தினாள். இவ்வளவு நேரமும் இந்த மணிச் சத்தத்துக்காகத்தான் ஊசி குத்திக்கொண்டிருந்தாள் என்று துஷாந்திக்கு அப்போதுதான் தோன்றியது.

"அண்ணனுக்கும் தம்பிக்கும் தேத்தண்ணி எண்டாச் சரி" என்றாள் கோசலை. "மானிப்பாயிலை தேப்பன்ரை தேத்தண்ணிக் கடையிலை வளந்த ஆக்கள். இவர் இஞ்சை வந்து சீனிக்கு மாறிட்டார். அவர் மாறேல்லை. பனங்கட்டியை எடுத்து ஆளின்ரை உள்ளங்கையிலை வைக்கிறது. கலியாணம் முடிச்ச அண்டு என்ரை கையிலும் அப்பிடித்தான் வைச்சவர். எனக்கெண்டாப் பிடிக்காது. கையெல்லாம் பிசுபிசுக்கும்."

துஷாந்தியின் தோள் இறுகியது.

"என்ன?"

"ஊசி குத்திப்போட்டுது."

"நான் இப்ப ஊசி குத்தேல்லையே." கோசலை முன்னால் வந்து நின்றாள். குள்ளமான பெண். நிமிர்ந்து துஷாந்தியின் கண்ணைப் பார்த்தாள். பார்வையில் ஒரு அவசரம் இருந்தது. நம்பிக்கை என்றுதான் துஷாந்தி அதை எடுத்துக்கொண்டாள். இதோ கேட்கப்போகிறாள், அவரைக் கண்டாயா, இருக்கிறாரா என்று கேட்கப்போகிறாள்.

"துஷா, எனக்கொரு உதவி செய். அத்தான் வந்து கேப்பார். அங்கை ஒரு ஆளைச் சந்திச்சனெண்டு சொல்லு. மீன்பிடிக்கிற ஆளெண்டு சொல்லு. அந்தப் படகு கவிண்டு தாண்டதைத் தான் கண்டதெண்டு அந்த ஆள் சொன்னதாச் சொல்லு. அவ்வளவுதான்."

துஷாந்திக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் விரித்த கைகளைக் கீழே இறக்கினாள்.

"அக்கா, நீங்கள் அவர் வருவாரெண்டு பாத்துக்கொண்டிருக்கிறியள் எண்டுதானே எல்லாரும்..."

"எல்லாரும் சொல்லுகினம். நான் எப்ப சொன்னனான்?" குரல் உயரவில்லை. "ஒவ்வொரு வருசமும் அவரின்ரை பேரிலை அருச்சனை. தட்டு நான்தான் தூக்கவேணும். ஸ்தேனிலை இருக்கிற அத்தான்ரை வீட்டிலை, அவை தந்த அறையிலை படுக்கிறன். சிவப்புச் சாறி கட்ட எடுத்தா, ஐங்கரன் வந்தாப்பிறகு கட்டலாம் எண்டு சிரிச்சுக்கொண்டு கையிலையிருந்து வாங்கி வைக்கினம். வெள்ளைச் சாறியையும் தொட விடமாட்டினம். அந்த மனுசனோடை நான் இருந்தது ஒரு வருசம்கூட இல்லை, முகமும் மறந்துபோச்சு. அத்தானுக்கு வேற ஒருத்தர் சொன்னா ஏறாது. நீ அந்த மண்ணை மிதிச்சனி. நீ சொன்னா நம்புவார்."

"ஆரும்... உங்களுக்கு ஆரும் இருக்கினமோ அக்கா?"

கேட்டு முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்பது அவளுக்குத் தெரிந்தது. மரக்கறிக் கடையில் தன்னிடம் கேட்கும் அதே கேள்வி. ஒரு பெண் தனக்காக மட்டும் ஒன்றை விரும்புவாள் என்று தன்னாலேயே நம்ப முடியவில்லை.

"இருந்தாத்தான் கேக்கலாமோ?" என்றாள் கோசலை.

துஷாந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவள் கேட்பதில் என்ன பிழை? ஒரு வசனம். அதைச் சொன்னால் ஒரு பெண் ஒரு வீட்டிலிருந்து வெளியே வருவாள். இராஜதுரை அழுவார், அந்தியேட்டிச் சடங்கு செய்வார், கடைப் பெயரை மாற்றவும் கூடும். ஆனால் அந்த வசனத்தைச் சொல்லும்போது நீலப் படங்கின் கீழே ஒருவன் குவளை கழுவிக்கொண்டிருப்பான். அவன் ஐங்கரனாக இருந்தால், உயிரோடு இருப்பவனை அவள் தன் வாயால் கடலில் தள்ளுகிறாள். அவன் ஐங்கரன் இல்லாவிட்டால், அந்த வசனத்தைச் சொல்லாமல் விட்டு, யாரோ ஒரு ஜாவாக்காரனுக்காக ஒரு பெண்ணைத் தடுத்து வைக்கிறாள்.

உண்மையையே சொன்னால் என்ன? அதையும் நினைத்துப் பார்த்தாள். அடுத்த விமானத்தில் இராஜதுரை தம்பியின் படத்தோடு அங்கே போய் நிற்பார். பள்ளிச் சட்டையோடு அந்தச் சின்னப் பெண் நிமிர்ந்து பார்ப்பாள். போய்ப் பார்க்கும்போது அவன் அந்த இடத்தை விட்டுப் போயிருந்தால்? கோசலை இன்னும் பத்து வருடம் தட்டுத் தூக்குவாள். இந்தமுறை துஷாந்தி கண்டதை நம்பி. உள்ளங்கையில் வைத்த ஒரு சர்க்கரைக் கட்டியைத் தவிர அவளிடம் வேறு சாட்சி எதுவும் இல்லை.

இன்னொரு சந்தேகமும் வந்தது. கோசலை பனங்கட்டிக் கதையைச் சும்மாவா சொன்னாள்? என் தோள் இறுகுகிறதா என்று பார்க்கவா? ஏதோ தெரிந்துதான், அந்தத் தெரிந்ததை மூடத்தான் இந்தப் பொய்யைக் கேட்கிறாளா? கோசலையின் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. அவள் மேசையில் கிடந்த ஊசிகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டாள்.

"அவர் உயிரோடை இருந்தா அக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

கோசலையின் கை நின்றது. "இருந்தா, அவர் எனக்குச் செத்தவர்தான். இத்தினை வருசம் ஒரு போன் எடுக்கேல்லையே." பிறகு, "ஏன் அப்பிடிக் கேக்கிறாய்?"

கதவு மணி அடித்தது.

இராஜதுரை மூன்று கடதாசிக் குவளைகளோடு வந்தார். திரையை முழங்கையால் விலக்கி, துஷாந்தி சால்வையைப் போர்த்திக்கொள்ளும்வரை வெளியே நின்று, பிறகு உள்ளே வந்தார். சீனி போட்டுக் கலக்கிய பால் தேநீர். துஷாந்தி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவர் துணிச் சுருளின் மேல் அரைவாசி அமர்ந்தார். வயதான மனிதர். குவளையை வாயருகே கொண்டுபோய், குடிக்காமலே கீழே வைத்தார். அவரைச் சந்தேகப்பட்டதற்காகத் துஷாந்தி வெட்கப்பட்டாள்.

"பிள்ளை, உன்னைக் கரைச்சல் படுத்தவேண்டாமெண்டுதான் இவள் சொன்னவள். எண்டாலும் மனம் கேக்குதில்லை. அங்கை ஆரும் ஏதும் சொன்னவையோ? நல்லதோ கெட்டதோ, சொல்லு."

துஷாந்தி வாயைத் திறக்குமுன் கோசலை சொன்னாள்.

"சொல்லன் துஷா. இப்ப எனக்குச் சொன்னதை அத்தானுக்கும் சொல்லு."

அவள் இராஜதுரையைப் பார்க்கவில்லை. துஷாந்தியைத்தான் பார்த்தாள். கெஞ்சலா மிரட்டலா என்று பிரிக்க முடியாத பார்வை. தேநீர் கையைச் சுட்டது. துஷாந்தி குவளையை மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தாள். அக்காவைக் காட்டிக்கொடுக்காமல், அவள் கேட்டதையும் கொடுக்காமல், எங்கே கால் வைப்பது என்று ஒரு கணம் தேடினாள்.

"நான் அக்காவுக்கு அந்தப் படத்தைப் பற்றித்தான் சொன்னனான் அண்ணை" என்றாள். "அங்கை நான் ஒருத்தரிட்டையும் ஒண்டும் விசாரிக்கேல்லை. எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லவுமில்லை."