இன்னும் கொஞ்சம் பெருசா

தார்ப்பாய்க் கயிற்றின் முடிச்சில் அக்கா கை வைத்ததும் மரமில்காரன் அந்தக் கையை பூட்ஸ் காலால் மிதித்தான். உள்ளே கிடந்தவள் அவன் பெண்டாட்டி, அக்காவின் ஒரே தங்கை.

"காய்ச்சல்ல செத்த உடம்பைத் திறக்கக் கூடாதுன்னு வீடு வீடா சொன்னது யாரு? நீதானே?"

அவள்தான். சுகாதார ஊழியர். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. ஊர்க்கோடியில் குழி தயார். அவளை ஏற்றிவந்த ஆம்புலன்ஸ் டிரைவர் எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தான். இப்போது விட்டால் தங்கையோடு அவள் செத்த விதமும் மண்ணுக்குள் போய்விடும். நேற்று மதியம் போனில் பேசியவள் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை.

தொற்று வந்து சாலையை அடைத்த பிறகு, காட்டோரத்தில் இருந்த தங்கை வீட்டுக்குச் சாமான் வண்டி மட்டும்தான் போய்வந்தது. அக்கம்பக்கம் என்று சொல்ல மரங்கள்தான். போனில் முகம் காட்டும்போதுகூடத் தங்கை மாஸ்க்கோடுதான் வருவாள். இவ்வளவு பொறுப்பு யாருக்கு வரும் என்று அக்கா போன வீட்டிலெல்லாம் பெருமையடித்தாள். மாஸ்க் தைத்துச் சாமான் வண்டியில் அனுப்பியதும் அவளே.

"அடுத்தது இன்னும் கொஞ்சம் பெருசா தைச்சு அனுப்புக்கா."

"மாஸ்க்காடி, முக்காடா?"

இருவரும் சிரித்தார்கள்.

அக்கா மிதிபட்ட கையை உருவவில்லை. மற்ற கையால் முடிச்சை இழுத்தாள். அவன் அவள் முடியைப் பிடித்துத் தலையை மரக்கட்டையில் மோதினான். ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். அவன் கடப்பாரையைத் தூக்கியபோது டிரைவர் இறங்கி ஓடிவந்து நடுவில் நின்றான்.

"முகத்தைப் பாக்கட்டும்ணே. கூடப் பொறந்தவங்க."

தார்ப்பாய் விலகியது. கழுத்தில் விரல்கள் பதிந்து கறுத்திருந்தன. மாஸ்க்கை எடுத்தாள். ஒரு பக்கத் தாடை நொறுங்கியிருந்தது. சில காயங்கள் பழையவை.

"சண்டையில கை பட்டுடுச்சு," என்றான் மரமில்காரன். கடப்பாரை தானாகக் கீழே விழுந்தது.

கை பட்டதாம். அக்காவுக்கு அவனைக் கொன்றுபோட வேண்டும் போலிருந்தது. அவள் தங்கையின் தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கினாள். கால் பக்கம் டிரைவர். வண்டி குழிப் பக்கம் போகாமல் நகரத்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பியது.

சோதனைச் சாவடியில் காவலர் உள்ளே எட்டிப் பார்த்து, பிணத்தின் முகத்தை ஏன் மூடவில்லை என்று அதட்டினார். அக்கா மடியிலிருந்த நீலப் பூப்போட்ட மாஸ்க்கை எடுத்தாள். அதை விரித்துக் காட்ட இரண்டு கையும் வேண்டியிருந்தது.