துலுக்காணம் அமுக்கிய பொத்தான்

கோவளம் போகும் பஸ்ஸில் என் மடியில் ஒரு ஃபைல் இருந்தது. அதற்குள் ஒரே ஒரு காகிதம். "ஆபத்துப் பொத்தானை நான் சரியாக அமுக்கவில்லை" என்ற வரிக்குக் கீழே துலுக்காணம் கையெழுத்துப் போட வேண்டும். வாங்கி வர என்னை அனுப்பியவர் மேனேஜர் ஹேமாவதி. பணிவாகப் பேசுகிறவன் என்று எனக்கு ஆபீசில் நல்ல பேர்.

ராஜகீழ்ப்பாக்கத்தில், ஒரு மாடியில் இயங்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. மீன்பிடிப் படகுக்குக் கருவி செய்கிறோம். கடலில் ஆபத்து என்றால் பொத்தானை அமுக்க வேண்டும். செய்தி கரைக்குப் போய்விட்டால் பச்சை விளக்கு, போகாவிட்டால் சிவப்பு. உள்ளே இருக்கும் ரேடியோவை இயக்கும் டிரைவர் புரோகிராம் நான் எழுதியது. செய்தி போனதா இல்லையா என்று விளக்குக்குச் சொல்ல வேண்டியது அதுதான். எங்கள் தொழிலில் ஜீரோ என்றால் எல்லாம் சரி. கோளாறு என்றால் மைனஸ் போட்ட ஓர் எண். என்ன கோளாறு என்பது அந்த எண்ணிலேயே தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கற்றுக்கொள்கிற சங்கதி இது.

போன வருஷம் அதிகாரிகளுக்குக் கருவியைக் காட்டும் நாள். மூடிய ஏ.சி. அறையில் சிக்னல் கிடைக்காமல் சிவப்பே எரிந்துகொண்டிருந்தது. "தினகரன், டெமோ முடியற வரைக்கும் ரெட் வரக்கூடாது," என்றார் ஹேமாவதி. இரண்டு நிமிஷ வேலை. எது நடந்தாலும் ஜீரோ என்று மாற்றினேன். 'பிறகு சரிசெய்யவும்' என்று பக்கத்தில் ஒரு குறிப்பு வேறு, பெரிய யோக்கியன் மாதிரி. பச்சை எரிந்தது. கைதட்டினார்கள். ஸ்வீட் சாப்பிட்டோம். அந்த வரியை மறந்தே போனேன். அதே புரோகிராம்தான் எல்லாப் படகுக்கும் போனது.

இரண்டு மாதம் முன்பு துலுக்காணத்தின் எஞ்சின் நடுக்கடலில் நின்றது. கூட இருந்தது அவர் மச்சான் அருண்ராஜ், மனைவியின் தம்பி. அந்த வழியாக வந்த படகு, கயிறு கட்டி இழுத்துப் போகிறோம் என்றதாம். பச்சை எரிந்துவிட்டது, ஆள் வருவார்கள் என்று இவர் அந்தப் படகை அனுப்பிவிட்டார். யாரும் வரவில்லை. மறுநாள் காற்றில் படகு கவிழ்ந்தது. துலுக்காணம் மட்டும்தான் கரை சேர்ந்தார்.

கரைக்குச் செய்தி வரவில்லை, ஆகவே பொத்தானை அமுக்கவில்லை என்று கம்பெனி எழுதிவிட்டது. அன்றே என் வரியைத் தேடிப் பார்த்தேன். சத்தமில்லாமல் திருத்தி, எல்லாக் கருவிக்கும் புதிதாக ஏற்றினேன். வாயை மட்டும் திறக்கவில்லை. வெட்கம் இருந்தது, வேலை போய்விடும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

துலுக்காணம் வீட்டு வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். காகிதத்தைப் படிக்கக்கூட இல்லை, பேனாவை வாங்கிக்கொண்டார்.

"எங்க சார் போடணும்? அமுக்குனேன்னுதான் நெனச்சிகினு கீறேன். பச்சை எரிஞ்சத பாத்தேன். ஆனா ஊரே இல்லன்னுது. எம் பொண்டாட்டி என் கைல பேசி ரெண்டு மாசம் ஆவுது. பயத்துல நான்தான் இன்னாத்தையோ பாத்துட்டேன் போல."

பேனாவை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"நீங்க அமுக்கினீங்கண்ணா. பச்சை எரிஞ்சதும் நிஜம். செய்திதான் போகல. போகாட்டியும் பச்சை எரியற மாதிரி எழுதி வெச்சது நான்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவர் எழுந்து உள்ளே பார்த்துக் கத்தினார்.

"அங்காளம்மா! வெளிய வா!"

ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி அவர் மனைவி வந்து நின்றார். பின்னால் சுவரில், மாலை போட்ட படத்தில் அருண்ராஜ். அக்காவின் அதே முகம்.

"இன்னொரு தபா சொல்லு சார்," என்றார் துலுக்காணம். "அவ கேக்கட்டும்."

சொன்னேன். டெமோ நாளிலிருந்து முழுதும் சொன்னேன். அங்காளம்மா புருஷன் பக்கம் திரும்பினார்.

"நீ சாப்டியா?"

துலுக்காணம் வலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

"எழுதிக் குடு சார்," என்று அங்காளம்மா என்னிடம் சொன்னார். "இப்ப சொன்னத அப்டியே எழுதிக் குடு."

காகிதத்தைத் திருப்பிப் போட்டு, முதல் வரியில் என் பெயரை எழுதினேன்.