பட்டியலில் ஏழாவது பெயர்

“‘அக்கா, இவரு கை ஓங்குனாலே எனக்குக் காலு ரெண்டும் வெலவெலத்துப் போவுது.’ இத எழுதுனது யாருட்டி?”

கணவன் ஜெபமணி எஸ்தரின் வலக்கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் முறுக்கியிருந்தான். வலியைவிட அவளை உலுக்கியது வேறொன்று. ஒரு சொல் மாறாமல் சொல்கிறானே, எப்படி? காலையில்தான் தூத்துக்குடி அக்காவுக்கு அதை மின்னஞ்சலில் அனுப்பினாள். அப்போது அவன் புனேயின் இன்னொரு மூலையில், விமான் நகரில் யாருடைய ஆபீஸிலோ பிரிண்டரைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். அனுப்பியதை அழித்துவிட்டாள். கடவுச்சொல்லை அந்த மாதத்தில் மூன்றாவது முறையாக மாற்றியிருந்தாள். கையை விட்டவன் நெட்வொர்க் கேபிளை இரண்டாக மடித்தான். அப்படி மடித்து அடித்தால் இரட்டைக் கோடு விழும்.

புனேயை ஒட்டிய தாபோடியில் அவர்களது இன்டர்நெட் கடைக்கு அது மூன்றாவது வருடம், 2004. கீழே ஆறு கம்ப்யூட்டர்கள், மாடியில் குடித்தனம். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற ஜெபமணி, கம்ப்யூட்டர்களுக்கு வேதாகமத்தின் வரிசைப்படிதான் பெயர் வைப்பான். ஆதியாகமம் கல்லாவில் இருந்தது. கடைசி மெஷின் யோசுவா.

“பாபி, மெஷின் அடக் கயா! ரிசல்ட் தேக்னா ஹை!” மறுநாள் ஒரு கல்லூரிப் பெண் கத்தினாள். உபாகமம் உறைந்து நின்றது. எஸ்தர் வீங்கிய விரல்களால் கல்லா மெஷினில் ‘தேடு’ பொத்தானை அழுத்தினாள். வலையில் எந்தெந்த மெஷின் உயிரோடு இருக்கிறது என்று அந்த மென்பொருள் ஒவ்வொன்றாக அழைத்துப் பார்த்துப் பட்டியல் போடும். பட்டியலில் ஏழு பெயர்கள் வந்தன. யோசுவாவுக்குக் கீழே நியாயாதிபதிகள்.

கடையில் அப்படியொரு மெஷின் இல்லை. ஆனால் வேதாகமத்தில் யோசுவாவுக்கு அடுத்தது அதுதான். இந்த வரிசையில் பெயர் வைக்கிற ஆள் உலகத்தில் ஒருவன்தான். ஒளித்து வைத்த மெஷினுக்கும் கைப்பழக்கத்தில் வைத்துவிட்டான்.

எஸ்தர் மேஜைக்கடியில் குனிந்து ஹப் பெட்டியைப் பார்த்தாள். எல்லாக் கம்ப்யூட்டரின் கேபிளும் வந்து சேருகிற பெட்டி அது. ஏழாவது துளையில் சாம்பல் கேபிள் ஒன்று. சுவரோரமாக ஏறி, மேல்தளத்துத் துளை வழியே மாடிக்குப் போயிற்று. மாடியில் அவன் எப்போதும் பூட்டியே வைத்திருக்கும் பீரோ.

கல்யாணமான புதிதில் அவன்தான் இந்தப் பெட்டியை மடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்தான். அன்று அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். “இது லைன் வீட்டு வாசல்ல நின்னு லெட்டர உரக்க வாசிக்கிற போஸ்ட்மேன் மாதிரிட்டி. பேருக்குரியவன் மட்டுந்தான் எந்திச்சு வருவான். ஆனா எல்லாரு காதுலயும் வுழும். மத்தவன் ஏதோ மரியாதைக்குக் கேக்காதவன் மாதிரி இருக்கான், அவ்ளோதான்.”

மரியாதை இல்லாத ஒரு காதை மாடியில் வைத்திருக்கிறான். கடவுச்சொல்லும் அதே வாசலில் உரக்க வாசிக்கப்படுவதுதான். எத்தனை முறை மாற்றி என்ன?

ஊகத்தைச் சோதித்துவிட வேண்டும். ‘டிக்கெட்டை அரிசி டின்னில் ஒளித்திருக்கிறேன்’ என்று அக்காவுக்கு எழுதினாள். சாயங்காலம் அடுக்களை முழுக்க அரிசி சிதறிக் கிடந்தது. “எங்கட்டி அது?” என்று டின் மூடியை வீசினான். அதன் விளிம்பு புருவத்தைக் கிழித்தது. கண்ணுக்குள் ரத்தம் இறங்க, எஸ்தர் அரிசியை அள்ளிக்கொண்டே நினைத்தாள்: சரியாகத்தான் வேலை செய்கிறது.

கேபிளைப் பிடுங்கக் கை பரபரத்தது. பிடுங்கினால் தெரிந்துவிடும். வேறொரு காதை வைப்பான்.

புனே கேம்ப் கடைவீதிக்குப் பிரிண்டர் மை வாங்கப் போன அன்று அங்கே வேறொரு இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து அக்காவுக்கு ஒரு கடிதம் அனுப்பினாள். திரும்பி வந்து தன் கடையிலிருந்து இன்னொன்று: ‘வெள்ளிக்கிழமை நாலு மணி வண்டியில் அத்தான் வந்து என்னைக் கூட்டிப் போகட்டும். புனே ஸ்டேஷனிலேயே நிற்கச் சொல்.’

இந்த முறை அவன் அடிக்கவில்லை. சிரித்தான். அதுதான் அவளுக்கு அதிகம் பயமாக இருந்தது.

வெள்ளி மூன்று மணிக்கு ஸ்கூட்டர் டிக்கியில் இரும்புக் கம்பியை வைத்தான். “ஒரு ஆளு கால ஒடிச்சுப்புட்டு வாரேன். கடைய விட்டு அசையாத.”

ஸ்கூட்டர் புனே பக்கம் திரும்பும்வரை பார்த்தாள். கேம்ப்பிலிருந்து அவள் எழுதியிருந்தபடி, அத்தான் லோனாவ்லா ஸ்டேஷனில் காலையிலிருந்தே காத்திருந்தார். தாபோடியிலிருந்து லோக்கல் ரயிலில் புனேக்கு எதிர்த்திசை. ரிசல்ட் பார்க்க வந்த அந்தக் கல்லூரிப் பெண் அன்றும் கடையில் இருந்தாள்; எஸ்தர் கல்லாச் சாவியை அவள் கையில் வைத்தாள்.

“பாபி, கிதர்?”

“பஸ், ஆயி.” இதோ வந்துவிட்டேன் என்று கையைக் காட்டினாள்.

வெளியேறுமுன் ஒருமுறை மேஜைக்கடியில் குனிந்து பார்த்தாள். ஏழாவது துளைக்கு மேல் பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தொடவில்லை. ஒட்டுக்கேட்கிற கேபிளை அறுக்கக் கூடாது. பொய்யை அதன் வழியே அனுப்ப வேண்டும், மெய்யை அது எட்டாத இடத்திலிருந்து.