முப்பத்தொரு கைநாட்டு

மே தினத்தில் கிராம சபை வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. மரக்காணம் பக்கத்து உப்பளங்களில் தொழிலாளிக்கு மூச்சுவிட நேரமில்லாத நாள் ஒன்று உண்டென்றால் அது தொழிலாளர் தினம்தான். வெயில் ஏற ஏற உப்பு விளையும்; விளைந்ததை அன்றன்றே வாரியாக வேண்டும். கூட்டத்துக்கு எவள் வருவாள்?

வார்டு மெம்பர் திரௌபதிக்கு இது தெரியாததா? நான்கு வருஷம் முன்புவரை அவளும் உப்பு வாரியவள்தான். அன்று பஞ்சாயத்துத் தலைவர் கலியபெருமாள் தீர்மான நோட்டை நீட்டினார்.

"ஏம்மா, ஸ்கூல் ரூம் கட்ட வச்ச பணத்த உன் தெரு ரோட்டுக்கு மாத்திடலாம். உங்க பொம்பளைங்க முப்பது பேர் கைநாட்டு இருந்தா போதும். போய் வாங்கியா."

தெருவுக்கு சிமெண்ட் ரோடு! அடுத்த எலெக்‌ஷனில் நிற்க வேறென்ன வேண்டும்? சபலம் யாரை விட்டது? உப்பளம்வரை அவள் நடக்கக்கூட இல்லை. ஆபீஸ் பின்பக்கம் உட்கார்ந்து, முப்பத்தொரு பெண்களின் பெயருக்கு நேரே தன் கட்டைவிரலையே வைத்துக் கொடுத்துவிட்டாள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தின் ஓட்டுக் கட்டடத்தை ஆபத்தென்று பூட்டினார்கள். பிள்ளைகள் கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடந்து அனுமந்தைப் பள்ளிக்குப் போக ஆரம்பித்தன. ஆகஸ்ட் முதல் வாரம், உப்பளத்தில் வேலை செய்யும் முத்தம்மாளின் மகளை ஒரு கார் இடித்து, கால் எலும்பு முறிந்தது. அன்றிலிருந்து திரௌபதிக்குச் சோறு இறங்கவில்லை. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு கிடந்தாள்.

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையன்று மழை தூறியதால் உப்பளத்தில் வேலையில்லை. பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். "எங்க புள்ளைங்களுக்கு ரூம் எங்க சார்?" என்று பி.டி.ஓ. ஆபீஸ் அதிகாரியைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவர் நோட்டைப் புரட்டினார். "நீங்கதானேம்மா ரூம் வேணாம், ரோடு போதும்னு தீர்மானம் போட்டீங்க? முப்பத்தொரு கைநாட்டு இருக்குதே. நாளைக்கு ரோட்டுக்கு டெண்டர்."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மகளிர் குழுக் கடனோ மனுவோ, திரௌபதி காட்டிய இடத்தில் விரல் வைத்தே பழகியவர்கள். இதிலும் வைத்திருப்போம் என்றே ஒவ்வொருத்தியும் நம்பினாள். முத்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, எம்பொண்ணு கால ஒடச்சது நான்தானா! என்னா ஏதுன்னு கேக்காம வச்சிட்டேனே!"

அதைத்தான் திரௌபதியால் தாங்க முடியவில்லை. "அக்கா, அது உன் கைநாட்டு இல்ல. எல்லாமே நான் வச்சது."

முத்தம்மாள் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாருங்க சார், எங்க மேல பழி வரக்கூடாதுன்னு தன் தலைல போட்டுக்குது. இந்த மனசு யாருக்கு வரும்!"

கூட்டம் ஆமாமென்று தலையாட்டியது. கலியபெருமாள்கூட, "தங்கமான பொண்ணு சார்" என்றார். அப்படியே வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பாள். ஆனால் அந்தப் பாராட்டு அவளுக்குக் கூசியது. மை டப்பாவை இழுத்து, முத்தம்மாளின் விரலை ஒரு வெள்ளைத்தாளில் அழுத்தினாள். உப்பு அரித்த விரல். வெறும் கறுப்புத் திட்டுதான் விழுந்தது. பக்கத்தில் தன் விரலை வைத்தாள். நான்கு வருஷமாக உப்பைத் தொடாத விரல்; ரேகை வரிவரியாகத் தெரிந்தது. நோட்டில் இருந்த முப்பத்தொன்றும் அதேதான்.

அதிகாரி தாளையும் நோட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். "இந்தத் தீர்மானம் செல்லாது. ரூம் பணம் ரூமுக்குத்தான். ஆனா உன் பதவி போயிடும்மா, கேஸும் வரும்."

"வரட்டும் சார்."

முத்தம்மாள் அவள் கையை விட்டாள். "ஒரு எட்டு உப்பளத்துக்கு வந்து எங்களக் கேட்டிருக்கலாமே, திரௌபதி?"

"கேட்டா வேணாம்னு சொல்லிடுவீங்கன்னு தெரியும்க்கா."